நல்ல தண்ணீரில் வளர்ந்த பசிலிக்கோ

பிள்ளைகளா,

நம் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும்போது உங்கள் அம்மா ஒரு கதை சொல்லுவாள். மூத்தவள் எட்டு வயதில் குடத்து நல்ல தண்ணீரைத் திருடிப் பொம்மையைக் குளிப்பாட்டிய கதை. இளையவர்கள் இரண்டு பேரும் அக்காளைத் 'தண்ணிக்கள்ளி' என்று கூப்பிட்டே வளர்ந்தீர்கள். அவள் கல்யாணப் பந்தியில்கூட உங்கள் சித்தி, "தண்ணிச் செம்ப பொண்ணு கையில குடுத்துறாதிய, பொம்மையத் தேடிப் போயிருவா" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூத்தவள் சிரித்தபடியே என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தத் தண்ணீரை எடுத்தது நான்.

இதை வாயால் சொல்லப் பல தடவை உட்கார்ந்து, வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. புதுத் துறைமுகத்தில் கப்பல் வர ஆரம்பித்திருந்த சமயம். அதற்கு முன்னால் நான் கொழும்புக்குப் போகும் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, இருந்தேன். ஒரு மழையில் தோணிப் பலகை வழுக்கி இடுப்பில் அடிபட்டது. அதோடு கடல் வேலை முடிந்தது. அரை வருசம் வீட்டில் சும்மா இருந்தேன். உங்கள் அம்மா சரக்குக் கிட்டங்கிக்கு நிலாவாரை என்கிற மருந்து இலை பொறுக்கப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள். காலையில் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். சேலை முழுவதும் அந்த இலைத்தூசி.

அப்போதுதான் பங்களாவில் சமையல் வேலை கிடைத்தது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு இயந்திரம் பொருத்த வந்திருந்த இத்தாலிக்காரர் ஒருவர், சம்சாரத்தோடு துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்தார். அவரைத் துரை என்றும் அந்த அம்மாளைத் துரைசானி என்றும் கூப்பிடுவோம். குசினியில் என் பக்கத்தில் நின்று துரைசானியே எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மாவைப் பிசைந்து நாடா மாதிரி அறுப்பது, தக்காளியை நேரம் போகக் காய்ச்சுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். இலை இல்லை, இலை இல்லாமல் இது சாப்பாடே இல்லை என்பாள். எனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலீசில் அவ்வளவு புரிந்தது.

ஊரிலிருந்து வரும்போதே நாலு விதைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். மேலே படம் போட்டிருக்கும். ஒன்று அவள் சொன்ன அந்த இலை, பசிலிக்கோ, ஒன்று ஒரேகனோ, ஒன்று பார்ஸ்லி, ஒன்று ரோஸ்மேரி. தோட்ட வேலை தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

எனக்கு என்ன தெரியும்? நம் தெருவில் மண் என்பது வலை காயப்போடுகிற மணல். நம் ஆட்கள் நடுகிற ஒரே மரம் முருங்கை. கொம்பை ஊன்றி, அடியில் மீன் தலையும் குடலும் புதைத்தால் அது தன்பாட்டுக்கு வந்துவிடும். எல்லாச் செடிக்கும் அதுதான் வைத்தியம் என்று நினைத்தேன். பங்களா வாசலில் பாத்தி கட்டி, அடியில் சாளை மீன் தலைகளை நிரப்பி, கூடுதல் சத்துக்குக் கருவாடு ஊறிய தண்ணீரையும் ஊற்றி, மேலே விதையைத் தூவினேன். மூன்றாம் நாள் காக்காயும் பூனையும் பாத்தியைக் கிளறித் தலைகளைத் தூக்கிக்கொண்டு வராந்தா பூராவும் ஓடின. துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த உப்பில் ஒரு விதைகூட முளைக்கவில்லை.

துரைசானி திட்டவில்லை. மிச்ச விதையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வாசல் காவல்காரர் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து ஒரு குக்கு வாரானாம். இவங்க எலை தழை எல்லாம் தெரிஞ்சவனாம். ஒம்ம கத என்னாகும்னு தெரியல."

"யாரு சொன்னா?"

"துரை போன்ல பேசுனாரு. நீரு மீன் தலைய நட்டா அவரு வேற என்ன செய்வாரு?"

மறுநாள் போய் துரைசானியிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். என் சம்சாரத்தின் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரைச் சம்சாரிகள், நெல்லும் வாழையும் போடுகிறவர்கள், விதையைக் கொடுங்கள், வீட்டில் வைத்து அவள் வளர்த்துவிடுவாள் என்றேன். உங்கள் அம்மாவைப் பெற்றவர் சங்கு குளித்தவர், பிள்ளைகளா. முத்துச்சிப்பி அள்ளியவர். வயலை அவர் பஸ் ஜன்னலில் பார்த்திருந்தால்தான் உண்டு. துரைசானி நம்பிவிட்டாள். பொட்டலங்களை என் கையில் வைத்து, கம்பெனியின் பெரிய துரை வருகிறார், அதற்குள் பசிலிக்கோ வேண்டும் என்று விரலை மடக்கி ஐந்து வாரம் கணக்குக் காட்டினாள்.

புறவாசலில் ஆறு பெயிண்ட் டப்பாக்களில் மண் நிரப்பி விதை போட்டேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். நாலு வீட்டுக்குப் பொதுவான நம் புறவாசல் கிணறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். துவைக்கவும் கழுவவும் மட்டும் ஆகும். வாயில் வைத்தால் கரிக்கும். முளை வந்தது. வந்த மூன்றாம் நாள் நுனி கருகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

பங்களாப் பின்வாசலுக்குக் கீரை கொண்டுவரும் ஒரு பெண் இருந்தாள். ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருவாள். அவளிடம் ஒரு சாய்ந்த முளையைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்லாத்தான் வந்துது தாயி. பொசுக்குன்னு கருகிட்டு."

"என்ன தண்ணி ஊத்துதிய அண்ணாச்சி?"

"கெணத்துத் தண்ணி."

"ஒங்க கடக்கரைக் கெணறா? நல்லாருக்கே! அத மாடு குடிக்குமா? மாடே குடிக்காதத பச்ச மொளைக்கு ஊத்துனா அது எங்கன வளரும்? ஆத்துத் தண்ணி ஊத்துங்க. இல்லன்னா மண்ண விட்டுட்டு மீனப் புடிங்க."

ஆற்றுத் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? தெரு முனைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும். அதைத்தான் நாம் நல்ல தண்ணீர் என்போம். உங்கள் அம்மாவும் மூத்தவளும் இருட்டோடு போய்க் குடத்தை வரிசையில் வைத்து, சண்டை போட்டு, நாலு குடம் பிடித்து வருவார்கள். ஆம்பிளைகள் யாரும் குழாயடிக்குப் போவதில்லை, நானும் போனதில்லை. குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்தான் அந்தத் தண்ணீர். இரண்டு நாளைக்கு அதுதான்.

துரைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பப் போவேன். அந்த நேரம் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில். இரண்டாமவன் கைக்குழந்தை, சித்தி வீட்டில். கடைசிப் பெண்ணே, நீ அப்போது பிறக்கவே இல்லை. குடத்து மூடியைத் திறந்து ஒரு செம்பு மொண்டு, சாயாமல் மிஞ்சிய முளைகளுக்கு ஊற்றினேன். முதலில் ஒரு செம்பு. பிறகு ஒன்றரை.

பங்களாவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வந்து தொட்டி நிறையக் கிடந்தது. கேட்டிருந்தால் தினம் ஒரு பாட்டில் கொடுத்திருப்பார்கள். கேட்டால், சம்சாரி வீட்டில் செடிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லையா என்று வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து என் வீட்டுக் குடத்தில் கை வைத்தேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் மென்று விழுங்க முடியவில்லை.

செடி செழித்ததும் உங்கள் அம்மாவுக்கு ஆச்சரியம்.

"கெணத்துத் தண்ணியிலயா இப்பிடி வருது?"

"இத்தாலி வெதைலா. உப்பத் தாங்கும்."

அவள் அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பார்ஸ்லி வெளுத்துச் செத்தது. ரோஸ்மேரி கண்ணையே திறக்கவில்லை. ஒரேகனோ தரையோடு படர்ந்து ஓமவல்லி மாதிரி வாசம் வீசியது. பசிலிக்கோ மட்டும் தளதளவென்று ஏறி வந்தது.

ஐந்து வாரத்தில் மூன்று போனபோது குழாய் நின்றது. எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். இரண்டு நாள், நாலு நாள், ஐந்தாம் நாளும் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்கு நடந்தார்கள். உங்கள் அம்மாவும் கிட்டங்கி விட்டு வந்த காலோடு போய், இருட்டிய பிறகு இடுப்பில் ஒரே ஒரு குடத்தோடு வந்தாள். அடுத்த நாள் பூராவும் நமக்கு அந்த ஒரு குடம்தான்.

அடுத்த நாள் மத்தியானம் செடி தலை தொங்கி நின்றது. நான் அந்தக் குடத்திலிருந்து இரண்டு செம்பு எடுத்து ஊற்றினேன்.

அன்று துரை வெளியூர் போயிருந்ததால் சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. புறவாசலில் டப்பாக்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். குடத்தைத் தூக்கினாள். இடுப்பில் வைத்து நடந்து வந்தவளுக்குக் கனம் தெரியாதா?

"ஏளா, குடத்துல யாரு கை வச்சா?"

"நான் இல்லம்மா," என்றாள் மூத்தவள்.

அவளுடைய பொம்மை, நான் கொழும்பிலிருந்து வாங்கி வந்தது, படியில் தலை நனைந்து காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப இது எப்பிடி நனஞ்சுது? தானா போயி குளிச்சிட்டு வந்துதோ?"

"அது கெணத்துத் தண்ணிம்மா. பக்கத்து வீட்டு அக்கா எறச்சுத் தந்தா."

"அவ நேத்தே ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. பொய்யி வேற சொல்லுதியா?"

"இன்னிக்கு மத்தியானம் வந்துட்டாம்மா. அப்பாட்ட வேணா கேளு."

நான் வேலியோரம் பார்த்தேன். அந்தப் பெண் வந்ததையும் வாளி இறைத்துக் கொடுத்ததையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். மூத்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். மண் கறுப்பாக, ஈரமாக, இலை நிமிர்ந்து இருந்தது. அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிடம் எனக்கும் தெரிந்தது.

"என்னங்க, நீங்க பாத்தியளா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏளா, எதுக்கு அடி வாங்குத? எடுத்தேன்னு சொல்லிரு. அம்மா விட்டுருவா."

அவள் டப்பாவிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "நான்தாம்மா எடுத்தேன்," என்றாள்.

அம்மா விடவில்லை. அகப்பைக் காம்பால் கெண்டைக்காலில் மூன்று அடி. அடித்த கையோடு தரையில் உட்கார்ந்து அவளே அழுதாள். உங்கள் அம்மாவை நீங்கள் குறை சொல்லக் கூடாது. அவ்வளவு தூரம் நடந்தவள் அவள். மூத்தவள் அழவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடிபட்டதோடு போயிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

அவளுக்கு அந்த மாதக் கடைசியில் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற முதல் பாவசங்கீர்த்தனம். அதே சனிக்கிழமை இரவுதான் பெரிய துரைக்கு விருந்து. காலையில் நான் பசிலிக்கோ இலையைக் கிள்ளி ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூத்தவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். விரலை மடக்கித் தன் பாவங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விரலுக்குமேல் வரவில்லை.

"அப்பா, தண்ணி எடுத்தத சாமியார்ட்ட சொல்லணும்னு அம்மா சொல்லுதா."

"சொல்லு."

"எடுக்காதத எடுத்தேன்னு சொன்னா அதுவும் பொய்தானப்பா? பொய்யி சொல்லிட்டு நன்ம வாங்கலாமா?"

மெல்லிய குரலில்தான் கேட்டாள். குற்றம் சொல்லுகிற மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாளைக்கு நன்மை வாங்குகிற பிள்ளைக்கு அது பெரிய பயம். நான் இலையைத் துணியில் சுருட்டினேன்.

"ரொம்பப் பேசாத. சாமிக்கு எல்லாம் தெரியும்," என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன்.

பங்களாப் பின்வாசலில் கீரைக்காரி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். துணியைப் பிரித்ததும் மூக்கைத் தூக்கினாள். ஒரு இலையை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தாள்.

"இதுக்கா அண்ணாச்சி இந்தப் பாடு? திருநீத்துப்பச்சிலைலா இது!"

"இது இத்தாலி எலை தாயி."

"இத்தாலியாம்! எங்க ஊரு வாய்க்காக்கரையில ஆடுகூட மேயாம அடைஞ்சு கெடக்கு. ஒங்க எலை கொஞ்சம் பெருசு, வாசம் கொஞ்சம் இனிப்பு, அம்புட்டுத்தான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூடையில ரெண்டு கட்டு போட்டுக் கொண்டாந்திருப்பேன். இதுக்குப் போயி நல்ல தண்ணியக் கொட்டுனியளாக்கும்?"

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். பிள்ளைகள் ஒரு வரிசை, பெற்றவர்கள் ஒரு வரிசை. மூத்தவள் வெள்ளை ரிப்பன் கட்டி, கையைக் கூப்பி, உதடு அசைய நின்றாள். அவள் முறை வந்து மண்டியிட்டதைப் பார்த்தேன். அவள் சாமியாரிடம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தபோது, பங்களாவில் நேரமாகிவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று இரவு விருந்து நன்றாக நடந்தது. இலையைப் பூண்டும் முந்திரிப்பருப்பும் போட்டு இடித்து, அவர்கள் ஊர் எண்ணெய் விட்டுக் குழைத்து நாடாவில் பிரட்டினேன். பெரிய துரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். துரைசானி என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தி, இவன் சம்சாரத்தின் குடும்பம் பெரிய விவசாயக் குடும்பம் என்று சொன்னாள். கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். மெட்ராஸ்காரன் வரவில்லை. அடுத்த இரண்டு வருசம் நம் வீட்டில் அடுப்பு எரிந்ததும், கடைசி நீ ஆஸ்பத்திரியில் பிறந்ததும், மூத்தவள் கான்வென்டில் படித்ததும் அந்த வேலையில்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்ப்பதாக நினைக்காதீர்கள்.

மூத்தவளே, அடி வாங்கியபோதும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாட்ட கேளு என்று மட்டும்தான் சொன்னாய். நான் பதில் சொல்லியிருக்கலாம். உன் கல்யாணப் பந்தியிலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பி தங்கச்சி இனிமேல் உன்னை அந்தப் பெயரில் கூப்பிட வேண்டாம். கூப்பிடுவதென்றால் என்னைக் கூப்பிடட்டும்.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் எல்லாரும் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மூத்தவள் வெள்ளைக் கவுனும் காகிதப்பூக் கிரீடமுமாக மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பங்களாவில் விருந்துப் பாத்திரம் கிடக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். குழாயில் திரும்பத் தண்ணீர் வர ஆரம்பித்துச் சில நாள் ஆகியிருந்தது. உங்கள் அம்மா எனக்குச் சோறு போட்டு மூடி, பக்கத்தில் ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர் வைத்திருந்தாள். மூத்தவள் விடியற்காலையில், புது கவுன் போடுவதற்கு முன்னால், வரிசையில் நின்று பிடித்தது.

வாசல் கதவைச் சாத்தினேன். டம்ளர் தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்துக்குள் திரும்ப ஊற்றி மூடினேன். புறவாசலுக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அந்த டம்ளர் நிறைய மொண்டு, நின்றபடியே குடித்தேன்.